எனக்கு வந்த பெயர்

தம்பி, நீங்கள் என்னை மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டீர்கள். நான்காவது முறை பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முன்னால், இடப்பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், பச்சைச் சேலை. ஆமாம், அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். அவள் என் மனைவி. பெயர் ஜெபக்கனி. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம் ஏழு மாதம் ஆகிறது.

பிறகு ஏன் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? பரவாயில்லை, முகத்தில் இருக்கிறது. சாத்தூரில் பஸ் ஏறும்போது, "கோவில்பட்டி போற வரைக்கும் உங்களுக்கும் எனக்கும் நடுவுல நாலு வரிசையாவது இருக்கணும்" என்றாள். எண்ணித்தான் உட்கார்ந்தேன். நடுவில் சரியாக நாலு வரிசை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கூச்ச சுபாவம். எட்டாவதோடு படிப்பு நின்றது. பஞ்சாலையில் முப்பத்தொரு வருஷம் பொதி எண்ணி எடை பார்த்தேன். பொதி நம்மிடம் எதுவும் கேட்காது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உங்களிடம் இவ்வளவு பேசுவதற்குக் காரணம், நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கோவில்பட்டிக்கு அரை மணி நேரம். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கோவில்பட்டியில் எங்கள் ஆலயத்தில் முதியோர் ஐக்கியம் என்று ஒன்று உண்டு. அறுபது தாண்டியவர்கள் இருபத்து நான்கு பேர். என்னையும் ஜெபக்கனியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதம் இரண்டு முறை கூடுவோம். பாட்டுப் பாடுவோம், ஜெபிப்போம், யாருக்கு எங்கே வலி என்று பேசிக்கொள்வோம், சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். செயலாளர் பியூலா டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் "உட்காருங்க" என்று சொன்னால், பிரசங்கம் செய்துகொண்டிருக்கிற போதகரும் ஒரு கணம் நாற்காலியைத் தேடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம், நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. போதகர் நற்குணத்தைப் பற்றிப் பேசினார். இருபத்தேழு நிமிடம். "எல்லாரும் பாக்கையில நல்லவனா இருக்கது சுலபம். ஒரு கிறிஸ்தவனுக்கு நற்குணம் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒருத்தரும் பாக்காத இடத்துல, திரும்பி வரும்னு நினைக்காம, பிடிச்சவங்களோ பிடிக்காதவங்களோ, அவங்களுக்கு நல்லது செய்யுதானா, அதை வெச்சுத்தான்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்தது. முக்கியமாக, ஒருத்தரும் பார்க்காத இடம் என்ற பகுதி. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கென்றே சொன்னது போல இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பியூலா டீச்சர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு எங்களை நிறுத்தினார். உள்ளே இருபத்து நான்கு பெயர்ச் சீட்டு. ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் ரகசிய நண்பர். வாரம் ஒரு நல்ல காரியமாவது அவருக்குச் செய்ய வேண்டும். யார் செய்தது என்று தெரியக் கூடாது. புருஷன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலை, கிறிஸ்துமஸ் மரத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக எழுந்து தன் நண்பரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

"சொந்தப் பேரே வந்துட்டா கையைத் தூக்குங்க, மறுபடி எடுக்கலாம்" என்றார் டீச்சர்.

நான் எடுத்தேன். பிரித்தேன். குருபாதம் என்று எழுதியிருந்தது.

குருபாதம் என்பது நான்தான், தம்பி. எங்கள் ஐக்கியத்தில் வேறு குருபாதம் கிடையாது.

கையைத் தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். தூக்கினால் இருபத்து மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள். மில்லில் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுத்தபோதே நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இரண்டு பக்கமும் என்னைத் துரோகி என்றார்கள், அப்போதும் தூக்கவில்லை. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். இருபத்து நான்கு சீட்டு, இருபத்து நான்கு ஆள். என் பெயரை நான் எடுத்ததால் யாருடைய பெயரும் விட்டுப்போகவில்லை. ஒருவருக்கு ஒருவர். சரியாக இருந்தது. சரியாக இருக்கிற ஒன்றை எதற்குக் கலைக்க வேண்டும்?

தன்னை நேசிப்பது போலப் பிறனையும் நேசிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அந்த முதல் பாதியை நான் செய்து பார்த்ததே இல்லை. முதலில் இதை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்கக் கூடாது என்று போதகர் சொன்னாரே, அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், உள்ளதைச் சொல்கிறேன், இந்தக் குருபாதத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வாயைத் திறக்க மாட்டான். எதற்கெடுத்தாலும் எண்ணிக்கொண்டிருப்பான். இருந்தாலும் ரகசிய நண்பன் என்ற முறையில் இரண்டு நாள் அவனைக் கவனித்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது, தம்பி. செருப்பு நான்கு முறை தைத்தது. ஆலயத்தில் மின்விசிறி எட்டாத பெஞ்சிலேயே பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். யாராவது ஒருவர் இதைக் கவனித்திருக்க வேண்டாமா?

முதல் வாரம் ஒரு கடிதம் எழுதினேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். நான் வலது கைக்குத் தெரியாமல் இடது கையால் எழுதினேன். "அன்புள்ள குருபாதம் அவர்களுக்கு, உங்கள் அமைதியை நான் பத்தொன்பது வருஷமாகக் கவனித்து வருகிறேன். உங்கள் செருப்பு அளவு எட்டு என்பதும் எனக்குத் தெரியும். இப்படிக்கு, உங்களை மறவாத ஓர் ஆத்துமா." உறையில் போட்டு, தலைமைத் தபால் நிலையத்துக்கே நடந்து போய்ச் சேர்த்தேன். மூன்றாம் நாள் வந்தது. வாங்கியவள் ஜெபக்கனி.

"ஏங்க, இது யாரு?"

"ரகசிய நண்பர்."

"அது எனக்கும் தெரியும். யாருங்கேன்? செருப்பு எட்டாம் நம்பர்னு எவளுக்குத் தெரியும்? கூட இருக்க எனக்கே ஏழா எட்டான்னு சந்தேகம்."

"எவளுக்கு என்று ஏன் சொல்கிறாய், எவனாகவும் இருக்கலாம்" என்றேன்.

"எவனாவது 'மறவாத ஆத்துமா'ன்னு எழுதுவானா? எழுத்தைப் பாருங்க. நடுங்குது. பியூலா டீச்சருக்குத்தான் கை நடுங்கும். போன தடவை உங்களுக்கு மட்டும் ரெண்டு கரண்டி சுண்டல் வெச்சாங்க, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

ஒன்றே முக்கால் கரண்டி. இரண்டு இல்லை. அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாவது வாரம் செருப்பு. எட்டாம் நம்பர், தோல், பழுப்பு நிறம். காகிதத்தில் சுற்றி, ஆலயத்துக்கு யாரும் வரும் முன்பே போய் என் இடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ஜெபக்கனியோடு திரும்பப் போய், அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்படுவதற்கு வீட்டிலேயே ஐந்து முறை பழகியிருந்தேன். மூன்றாவது வாரம் கால் கிலோ அல்வா. நான்காவது வாரம் உடல்நிலை சரியில்லாததால் அவனுக்காக மூன்று நிமிடம் ஜெபித்ததோடு விட்டுவிட்டேன். விதியில் அதற்கு இடம் உண்டு.

வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மீன். எனக்கு எப்போதும் மூன்று துண்டு. கடிதம் வந்த வாரம் இரண்டு. செருப்பு வந்த வாரம் ஒன்று, அதுவும் வால். அல்வா வந்த வாரம் குழம்பு மட்டும். "மீன் எங்கே?" என்று கேட்டேன். "மறவாத ஆத்துமாகிட்டக் கேளுங்க" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். "உங்களுக்குக் கடிதாசி, செருப்பு, அல்வா. எனக்கு இத்தனை நாள்ல ஒரு கடுகு வந்துச்சா? நானும்தான அந்த டப்பாவுல ஒரு சீட்டு?"

வரவில்லை. அது எனக்கே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் வாரம் பூஜ்யம், இரண்டாவது வாரம் பூஜ்யம், மூன்றாவது வாரமும் பூஜ்யம். இவளுடைய ரகசிய நண்பர் யாரோ, இவ்வளவு பொறுப்பில்லாத ஆளாக இருக்கிறாரே என்று எனக்கே கோபம் வந்தது. டீச்சரிடம் புகார் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மாலை வந்தது. மரம், விளக்கு, வட்டமாக இருபத்து நான்கு நாற்காலி. சிறந்த ரகசிய நண்பருக்குப் பரிசு ஒரு கிலோ பிளம் கேக். டீச்சர் கையில் பெயர்ப் பட்டியல், பென்சில். ஒவ்வொருவரும் பெயர் சொல்லச் சொல்ல அவர் அடித்துக்கொண்டே வந்தார். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் இயேசுவின் இரண்டாம் வருகை நடந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

ஜெபக்கனி ஏழாவதாக எழுந்தாள். "எனக்கு வந்தது பியூலா டீச்சர். மொத வாரம் முறுக்கு குடுத்தேன்."

"அந்த முறுக்கு நீங்கதானா! ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வாரத்து முறுக்குலதான் உப்பு கொஞ்சம் தூக்கலா…"

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் தன் முறை வந்தபோது, கண் தெரியாத ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னார். தினமும் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஜெபக்கனியின் முகம் அப்படியே இறங்கிவிட்டது. டீச்சர் இல்லை என்றால் பிறகு யார்? வட்டத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தாள். எண்பத்து மூன்று வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார், அவரையும் விடவில்லை.

பத்தொன்பதாவது ஆள் அருமைராஜ். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிற வேலை பார்த்தவர், கம்பத்துக்கு மேலிருந்து பேசுவது போலவே இப்போதும் பேசுவார். எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். "எனக்கு வந்த பேரு… நம்ம குருபாதம் அண்ணாச்சி!" என்றார்.

தம்பி, என் சீட்டு என் பையில் இருக்கிறது. குருபாதம் என்று அதில்தான் எழுதியிருக்கிறது.

"ஓ, அந்தச் செருப்பு?" என்றார் டீச்சர்.

"நாந்தான்."

"அல்வா?"

"அதுவும் நாந்தான்."

"அந்தக் கடிதாசி?" இது ஜெபக்கனி.

அருமைராஜ் பையை மறுபடி தடவினார். "அதுவும்… நாந்தான் மைனி."

எல்லோரும் கை தட்டினார்கள். கேக்கை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பார்த்த பார்வைக்கு அது எண்ணூறு கிராம்தான் இருக்கும்.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மில்லில் ஒரு பொதி இடம் மாறினால் விடமாட்டேன். ஆனால் அருமைராஜ் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. இவர் சீட்டைத் தொலைத்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்துவது நற்குணமா? பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணம் கூச்சம் இல்லை, தம்பி. அதை நீங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நற்குணம்.

பிறகு நாலு பேர் பெயர் சொன்னார்கள். கடைசி ஆள் நான். டீச்சர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெபக்கனியைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, எல்லாப் பேரும் அடிச்சாச்சு. மிச்சம் ஒரே ஒரு பேருதான். யாரு, நீங்களே சொல்லுங்க!"

நான் எழுந்தேன். மிச்சம் இருந்த பெயரைச் சொன்னேன். "ஜெபக்கனி."

நான் பொய் சொல்லவில்லை. மிச்சம் யார் என்று கேட்டார், மிச்சம் ஜெபக்கனிதான். சரியான விடை.

"ஆகா!" என்று ஒரே சத்தம். அருமைராஜ் விசில் அடித்தார், வெட்கமில்லாத மனுஷர். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்து நாலு சீட்டுல அண்ணாச்சி கைக்கு மைனி பேரு! ஆண்டவரே சேத்து வெச்சது. சொல்லுங்க அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே ரகசிய நண்பரா இருந்து மைனிக்கு என்னென்ன செஞ்சீங்க?"

நாற்பத்தாறு கண்கள். அதில் இரண்டு ஜெபக்கனியுடையது.

எண்ணிக்கையில் நான் பொய் சொன்னதே கிடையாது. "ஒன்றும் செய்யவில்லை" என்றேன்.

பியூலா டீச்சர் "உட்காருங்க" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு அருமைராஜ் பாதிக் கேக்கோடு வந்தார். "சீட்டு சட்டைப் பையிலயே இருந்து சலவையில மாவாப் போச்சு அண்ணாச்சி. யாரு பேருன்னே மறந்துட்டேன். உங்க பேரை அதுவரைக்கும் யாரும் சொல்லல, டக்குன்னு சொல்லிட்டேன். நீங்க காட்டிக் குடுக்கல. நீங்க மனுசன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆக, ஜெபக்கனியின் பெயர் இவரிடம் வந்திருக்கிறது. பொறுப்பில்லாத ஆள் என்று நான் நினைத்தது சரியாகிவிட்டது.

மறுநாள் காலை ஜெபக்கனி பெட்டியில் சேலை அடுக்கினாள். ஏழு. ஏழு என்றால் ஒரு வாரம்தான் என்று நினைத்து எனக்குச் சிறிது தெம்பு வந்தது. நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்து வைத்தாள். சாத்தூரில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தொரு கிறிஸ்துமஸ் சேர்ந்திருந்தோம். நாற்பத்திரண்டாவதுக்கு நான் தனியாக ஆலயத்துக்குப் போனேன். பதினாறு பேர் "மைனி எங்க?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பாதிக் கேக்கோடு உட்கார்ந்தேன். நானூறு கிராம். ஒரு துண்டுக்குமேல் இறங்கவில்லை.

இன்று காலை சாத்தூர் போனேன். போகும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும், தப்பு அருமைராஜுடையது, என்னுடையது அல்ல. கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே சொன்னேன். "எனக்கு வந்தது உன் பெயர் இல்லை, என் பெயர்தான். கடிதம் எழுதினது நான்தான்."

"தெரியும்" என்றாள்.

"எப்போது தெரியும்?"

"அருமைராஜ் அண்ணன் நாந்தான்னு சொல்லுதப்பவே. ஒரு கடிதாசியில அமைதிக்குப் பத்தொன்பது, செருப்புக்கு எட்டுன்னு நம்பர் போட்டு அன்பு காட்டுத ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தும் கிளம்பி வந்திருக்கிறாளே! "பிறகு ஏன் வந்தாய்? நான் என்ன தப்புச் செய்தேன்?"

"எனக்கு ஒண்ணும் வரலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். பூஜ்யம்."

"எத்தனை நாளா?"

"இருபத்து மூன்று நாள்."

"எண்ணிக்கிட்டே இருந்தீங்க?"

"ஆமாம்."

"எண்ணுத நேரத்துல ஒரு நாள் ஒரு வாய் காப்பி போட்டுத் தந்திருக்கலாம்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் பெயர் என் சீட்டில் இல்லையே" என்றேன். உள்ளே அவள் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், புரையேறி இருமினார். சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆலயத்துல நான் வேதம் வாசிக்கணும், பேரு குடுத்திருக்கேன். ஆண்டவருக்காக வாறேன். உங்களுக்காக இல்ல" என்றாள்.

சாத்தூரிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன், தம்பி. என் சீட்டை வைத்து எண்ணினாலும், அருமைராஜ் சீட்டை வைத்து எண்ணினாலும், சீட்டே இல்லாமல் எண்ணினாலும், அவளுக்கு வந்தது ஒரே விடைதான். கூட்டிப் பார்த்தாலும் மாறவில்லை.

இருங்கள். சூரியன் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, பார்த்தீர்களா? நேராக அவள் முகத்தில். தலைப்பை இழுத்து மறைக்கிறாள். அந்த ஜன்னல் ஷட்டர் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பார்க்கிறாள், வரவில்லை. மறுபடி இழுக்கிறாள். இதோ, மூன்றாவது முறை…

நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் காலை மடக்குங்கள் தம்பி. நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அது லேடீஸ் சீட்டு, கண்டக்டர் "ஏ பெரிசு, எங்க போறீரு?" என்று சத்தம் போடுவார். போடட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். இங்கிருந்தே முதலில் ஒரு குரல் கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுந்த பிறகு தைரியம் போய்விடும்.

"ஜெபக்கனி! ஏட்டி ஜெபக்கனி! கையை எடு, நசுங்கிரும். நான் வந்து இறக்குதேன்!"